கூப்பிட்டால் வருகிற இடம்

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றதால் எல்லோருக்கும் அவர் கண்டக்டரம்மாதான். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். பிடித்து நடக்க வைக்கப் பகலெல்லாம் ஆள் வேண்டும். மகனுக்குக் கப்பலில் வேலை, மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில். வேலைக்கு வைத்த ஆயாக்களும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள்.

முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுக்கமுடியாமல் மருமகள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். மாமியாரே போட்டு உடைத்தார்.

"இல்லம்தானே? போகலாம். ஆனா நான் இருக்கப்போற இடத்தை நானே பார்த்துதான் சொல்லுவேன்."

மருமகள் லீவு போட்டாள். சக்கர நாற்காலியை மடக்கிக் காரில் போட்டுக்கொண்டு மாநிலத்தையே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

தலைநகரத்து இல்லத்துக்கு முன்னால் நட்சத்திர ஹோட்டலெல்லாம் தோற்றுப்போகும். மேனேஜர் மருமகளைப் பார்த்தே பேசினார். "பாட்டிக்கு சுகர் இருக்கா?"

"பாட்டிக்குக் காதும் இருக்கு, வாயும் இருக்கு தம்பி."

கண்டக்டரம்மா கட்டிலோரத்து அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். கிளம்புகிறவரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மலையடிவாரத்து இல்லத்தின் தோட்டத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் நடக்கத் தெம்புள்ளவர்களையும் கட்டிலிலேயே போட்டிருந்தார்கள். விழுந்துவைத்தால் வம்பாம்.

"இங்க இருந்தா எனக்கு நடையே மறந்துடும். வண்டியை எடு."

மூன்றாவது ஒரு சின்ன ஊரில், சாயம் போன கட்டடம். மருமகளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மாமியார் மணியை அழுத்தினார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு நர்ஸ் ஓடி வந்து, நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"என்னம்மா வேணும்?"

"பாத்ரூம் போகணும்."

"எந்தப் பக்கம் வலி? மெதுவா எழுந்திரிங்க. அவசரமே இல்ல."

நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போகாமல், அணைத்துப் பிடித்து நடத்தியே கூட்டிப் போனாள்.

திரும்பி வந்ததும் பக்கத்துக் கட்டில்காரியிடம் கண்டக்டரம்மா குரலைத் தாழ்த்தி விசாரித்தார். "சாப்பாடு எப்படி?"

"வாயில வைக்க முடியாது. ஆனா கூப்பிட்டா வருவாங்க. திட்டினாலும் வருவாங்க. நான் திட்டியே பார்த்துட்டேன்."

கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அங்கேயே சேர்ந்தார்.

சேர்ந்த புதிதில் காய்ச்சல் வந்து படுத்தபோது, அந்த நர்ஸ் தன் வீட்டுப் பெரியவரைப்போல அவரைப் பார்த்துக்கொண்டாள். தேறியதும் தினமும் வராந்தாவில் நடை. மழைக்காலம் முடிவதற்குள், பார்க்க வந்த மருமகளை வாசலுக்கே நடந்துபோய் அழைத்துவந்தார்.

அன்றைக்கென்று பார்த்துத் தங்கை போன் செய்தாள். "மருமக உன்னை இப்படிக் கொண்டுபோய்த் தள்ளிட்டாளே அக்கா!"

பஸ்ஸின் கடைசி சீட்டுவரை எட்டிய அந்தக் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது. "தள்ளினாளா? எனக்காக ஊர் ஊரா வண்டி ஓட்டினாடீ அவ! பெத்த பொண்ணு இருந்திருந்தாகூட இவ்வளவு செஞ்சிருக்குமோ என்னமோ. இன்னிக்கு நான் எழுந்து நடக்கறேன்னா அவளாலயும் இங்க இருக்கற நர்ஸுங்களாலயும்தான். வை போனை!"

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"மூக்கை உறிஞ்சாத," என்றார் மாமியார். "சளின்னு நினைச்சு உனக்கும் மருந்து ஊத்திடுவாங்க."