மருமகள் பெயரில் ஒரு ஸ்காலர்ஷிப்

இன்று காலை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் ஸ்வீட் டப்பாவை நீட்டினாள். பெண்ணியப் புலனாய்வு இதழியலில் எம்.ஏ. படிக்க ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறதாம்.

"யாரும்மா குடுக்குறாங்க?"

"திருவெறும்பூர்ல ஒரு குடும்பத்து டிரஸ்ட், ஆன்ட்டி. இறந்துபோன மருமக சுகந்தி பேர்ல."

கையில் எடுத்த மைசூர்பாகு வாய்க்குப் போகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் காலேஜ் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பம்ப் ஸ்டவ் வெடித்து சுகந்தி இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, மறுநாளே அந்த வீட்டுக்குப் போனேன்.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. காபிகூடப் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். அந்த மாமியாரோ பழக்கதோஷத்தில் உள்ளே போய்க் காபி போட ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். பம்ப் ஸ்டவ் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

"எந்த ஸ்டவ்ங்க வெடிச்சுது?"

"வீட்டுல இருக்குறதே இது ஒண்ணுதானே" என்றவர், சட்டென்று ஸ்டவ்வை அணைத்தார்.

அந்த வாரமே சுகந்தியின் மாமனார் எங்கள் வீடு தேடி வந்துவிட்டார்.

"பொண்ணு நல்லா எழுதுதாமே. மெட்ராஸ்ல மேல படிக்க வைங்க. செலவை நாங்க பாத்துக்குறோம்."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நான் போகவில்லை. அந்த ஸ்டவ்வைப் பற்றி நான் எழுதிய கட்டுரையும் வெளிவரவில்லை.

"அவங்களத் தெரியுமா, ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண்.

"ஸ்காலர்ஷிப்ப வாங்கிக்கம்மா. சுகந்தி எப்படிச் செத்தான்னு மட்டும் முதல்ல விசாரி."

எதிலும் சந்தேகப்படுகிறேன் என்று வீட்டில் என்னைத் திட்டுகிறார்கள். நீங்களே சொல்லுங்கள்: வெடித்த ஸ்டவ்வில் மறுநாள் காபி போட முடியுமா?