புதன்கிழமையும் திறந்திருக்கும்

என்னைவிட மூன்று வயது இளையவள். ஆனாலும் அலுவலகத்தில் எல்லோரையும் போல நானும் அவளை டொமைன் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, நான்கு மேசை. கடை வைத்திருப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு பெயர், அதுதான் டொமைன், வாங்கி, அதை எங்கள் சர்வரோடு இணைத்து, பக்கம் போட்டுக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. இணைக்கும் வேலை பதினோரு வருடமாக அவளுடையது. மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குக் குனிந்துதான் செய்வாள். கண்ணாடியை மாற்றித் தொலையேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அது அவள் அண்ணன், சொந்தக் கடை திறப்பதற்கு முன் வேறொரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தபோது போட்டுக் கொடுத்தது. அவன் கடைக்கும் போகமாட்டாள், வேறு கடைக்கும் போகமாட்டாள். அப்படி ஒரு வீம்பு.

அண்ணனோடு போட்ட சண்டை நான்கு வருடத்துக்கு முந்தையது. அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கடை திறந்த அன்று காலையில்தான் கடைக்கு டொமைன் வாங்கினார்கள். அவள் எங்கள் சர்வரின் கன்ட்ரோல் பேனலில் பெயரைச் சேர்த்தாள், பெயர் எங்கே போய்த் திறக்க வேண்டும் என்று காட்டும் நேம் சர்வரை மாற்றினாள். அந்த மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகும். எங்களுக்கு அது பாலபாடம், அவனுக்கு என்ன தெரியும்? வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டி, தங்கச்சி போட்டது பாருங்கள் என்றிருக்கிறான். வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. மாமனார் வீட்டு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். உடனே போன் போட்டு, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று கத்தினான். ஒன்றும் தெரியாமல் பேசாதே என்று இவளும் கத்திவிட்டு, பாதியில் நின்ற பேனலை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். மறுநாள் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. இவர்கள் இரண்டு பேர் மட்டும் வாய் திறக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணன் இறந்துபோனான். ரத்தத்தில் நோய், ஒன்றரை வருடமாக இருந்ததாம். அவளுக்கு அது சாவு வீட்டில்தான் தெரிந்தது. அவள் அழவில்லை. நான்காம் நாளே வந்து உட்கார்ந்து ஒரு பேக்கரிக்கு டொமைன் இணைத்தாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள். டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போகும். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஏன் அழவே இல்லை என்று ஒரே ஒரு முறை கேட்டேன். "நோயைக்கூட எனக்குச் சொல்லணும்னு அவனுக்குத் தோணல. அப்புறம் நான் யாருக்காக அழணும்?" என்றாள்.

போன வாரம் அண்ணி வந்தாள். கடையை அவளே நடத்தப் போகிறாள். புதுப் பெயர், புது டொமைன், பழைய முகவரிக்கு வருகிறவர்களும் புதியதற்கே வர வேண்டும். நாற்காலியை இழுத்து டொமைன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அடுத்த மேசைதான் என்பதால் எல்லாம் காதில் விழுந்தது.

புதுப் பெயர் சேர்ந்தது. பழையதைத் திருப்புவதற்கு முன் டொமைன் அக்கா அதில் என்னென்ன மெயில் பெட்டி இருக்கிறது என்று பார்த்தாள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு டொமைனிலும் 'வேலை' என்று ஒரு பெட்டி போட்டு, அந்த முகவரியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவோம். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அதற்கு எழுதுவார்கள். அங்கே வருவது எங்கள் மெயிலுக்கு வந்து விழும்படி திருப்பிவிடுவதுதான் கடைசிப் படி. அண்ணனிடம் முகவரி அன்று காலையிலேயே போய்விட்டது; சண்டையில் பாதியில் மூடிய பேனலில் அந்தப் படி மட்டும் செய்யப்படவில்லை. உள்ளே ஏழு மெயில் படிக்காமல் கிடந்தன.

திறந்தாள். முதல் நான்கும் கடை விஷயம். போன் நம்பர் மாறிவிட்டது, குழந்தைகள் ஃபிரேம் படம் போடு, இப்படி. ஐந்தாவதை அண்ணிக்காகவோ என்னவோ, வாய்விட்டுப் படித்தாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"புதன்கிழமை கடை லீவுன்னு போடு. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரத்தத்துல ஏதோ கோளாறாம். பயப்படாதே."

ஆறாவது, ஒரு மாதம் கழித்து வந்தது. "இன்னும் மாத்தலையே. ஆளுங்க வந்து பூட்டைப் பாத்துட்டுப் போறாங்க. கோபமாத்தான் இருக்கியா?"

ஏழாவதை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை.

இவளுக்குத் தானே போன் பண்ணுவதாக அண்ணி சொன்னபோது, எழுதியிருக்கிறேன், படித்திருப்பாள், அவளாக வரட்டும் என்று அவன் தடுத்துவிட்டானாம்.

"எனக்கு வரவே இல்லை அண்ணி. திருப்பிவிட மறந்தது நான்தான்."

"நீ படிச்சுட்டேன்னுதான் கடைசி வரைக்கும் நெனச்சுட்டிருந்தாரும்மா," என்றாள் அண்ணி. குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

டொமைன் அக்கா தலையை ஆட்டினாள். ஏழு மெயிலையும் தன் பெட்டிக்கு அனுப்பிவைத்தாள். புது டொமைனில் 'வேலை' பெட்டி போட்டு, முதல் காரியமாக அதைத் தன் மெயிலுக்குத் திருப்பினாள். அண்ணியை ஒரு மெயில் அனுப்பச் சொல்லி, வந்து சேருகிறதா என்று பார்த்தாள். வந்து சேர்ந்தது. அவள் முகம் அப்போதும் சுவர் மாதிரிதான் இருந்தது. புதுப் பக்கத்தைத் திறந்து முகவரி, போன் நம்பர் எல்லாம் அடித்துவிட்டு, கடை நேரம் என்ன அண்ணி என்று கேட்டாள்.

"காலைல பத்துலேருந்து எட்டு வரைக்கும்," என்ற அண்ணி கொஞ்சம் நிறுத்தினாள். "புதன்கிழமையும் தொறந்திருக்கும்னு போடும்மா. இனிமே போறதுக்கு இடம் இல்லை."

அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். பிறகு மவுஸைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். நான் எழுந்து அவள் மேசைக்குப் போனேன்.

"பக்கத்தை ஏத்துற பட்டன் எங்க இருக்குன்னு தெரியல. நீங்களே அழுத்துங்க," என்றாள். "கண்ணாடில பவர் பத்தல."

கண்ணாடி கழற்றி மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. நான் குனிந்து அழுத்தினேன்.