காலி ஜாரின் கோடு

மீட்டர் பெட்டியின் மூடி உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்தது. எலெக்ட்ரீசியன் அண்ணாச்சி அதை நெம்பித் திறந்து, வீட்டுக்குள் போகும் ஒயரின்மேல் துணி கிளிப் அளவில் ஒரு சென்சாரைக் கவ்வவிட்டார். ஒயரை வெட்டவில்லை, தோலைச் சீவவில்லை.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“அவ்வளவுதான். உள்ள எது ஓடுனாலும் இது வெளிய நின்னே சொல்லிரும். எங்க தெருவுல இப்படி நாலு பேரு இருக்காவ, அவுகளுக்கு கரண்டே வேண்டாம்.”

மில்லர்புரத்தில் அது என் அக்காவின் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அத்தான் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அக்கா என்னோடு ஓட்டப்பிடாரத்தில் என் வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். போனில் எப்போது கேட்டாலும் “சாப்ட்டாச்சுல” என்றாள். நேரில் போகும்போதெல்லாம் அவள் ரவிக்கை இன்னும் கொஞ்சம் தொளதொளத்திருந்தது. அவள் சாப்பிடுகிறாளா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஃபிரிட்ஜ் அதிகம் கரண்ட் இழுக்கிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சென்சார் என்று அவளிடம் பொய் சொன்னேன்.

அன்றுமுதல் அக்காவின் நாள் என் போனில் ஒரு கோடாக ஓடியது. ஃபிரிட்ஜ் எழுந்து தணியும் மேடு, தூங்குகிறவரின் மார்பு போல. தண்ணீர் மோட்டார் ஒரு செங்குத்துச் சுவர். பள்ளியில் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே வராந்தாவில் நின்று அதைத் தடவித் தடவிப் பார்ப்பேன். காலை ஏழரைக்கு, அத்தானுக்குத் தேங்காய்ச் சட்னி அரைபட்ட நேரத்தில், கோடு படுத்தே கிடந்தது. பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் வாய் தவறிவிட்டது.

“ஏங்க்கா, மிக்சியே ஓடலியே?”

“ரிப்பேருல. சரி பண்ணுதேன்” என்றாள்.

மறுநாள் சரியாக ஏழரைக்குக் கோடு எழுந்தது. அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் மிதந்துகொண்டு திரிந்தேன். மனைவியிடம் போனை நீட்டி, “பாரு, அக்கா சட்னி அரைக்கா” என்றேன்.

“என்ன இது, ரூல் போட்ட மாதிரி இருக்கு? தேங்கா கெடந்தா மிக்சி திணறும்லா?” என்றவள், எங்கள் மிக்சியைக் காலி ஜாரோடு ஓடவிட்டாள். ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே இரைச்சல்.

மறுநாள் விடிந்ததும் பைக்கை எடுத்தேன். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே நான் போய் நின்றபோது ஏழரை. அக்கா ஒரு கையால் காலி ஜாரின் மூடியைப் பிடித்தபடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மிக்சியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா அரைக்க?”

திரும்பினாள். பதறவில்லை. “ஃபிரிட்ஜப் பாக்க வச்ச மிஷினு மிக்சிய எப்படில பாத்துச்சு?”

நான் உள்ளே போனதும் மிக்சியை நிறுத்தினாள்.

“ஓடலியேன்னு கேட்டப்ப உன் கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் ஓட்டுதேன். நீ அங்கன நிம்மதியாப் பாடம் நடத்தணும்லா.”

“அதுக்குச் சாப்புட்டா என்னக்கா?”

“ஒருத்திக்குன்னு எப்படில ஒரு தேங்காய உடைக்க?”

“எனக்குப் பசிக்கு” என்றேன்.

முறைத்தாள். பிறகு அரிவாளைத் தேடினாள். எதிர்க்கடையில் மாவு வாங்கி வந்தேன். நான் நாலு தோசை. அவள் கல்லுக்குப் பக்கத்தில் நின்றபடியே இரண்டு. இரண்டாவதை அவளாகத்தான் ஊற்றிக்கொண்டாள்.

கிளம்பும்போது சென்சாரைக் கழற்றப் போனேன்.

“எதுக்குக் கழட்டுத?”

“இனிமே நானே வந்து பாத்துக்கிடுதேன்.”

“தினமுமா? உன் பொண்டாட்டி வெரட்டிருவா.”

“செவ்வாயும் சனியும்.”

“அப்ப மத்த நாளைக்கு அது கெடக்கட்டும்ல. காலம்பற சுவிச்சப் போடும்போது, ஒருத்தன் பாக்கான்னு இருக்கு.” பைக் வரை கூடவே வந்தாள். “ஆனா மிக்சி ஓடுச்சான்னு கேக்காத. என்ன சாப்ட்டேன்னு கேளு. உள்ளதச் சொல்லுதேன்.”