வாசலில் சிக்கிய சோபா

எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு சீட்டு தைத்துத் தைத்துத்தான் என் கை பழகியது. ஊரைச் சுற்றி இலவ மரங்கள், நல்ல பஞ்சு பக்கத்திலேயே கிடைக்கும். சோற்றில்கூடப் பஞ்சு கிடக்கிறது என்று ஜீப்பு ஓட்டும் என் வீட்டுக்காரர் புலம்புவார். புலம்பட்டும், தின்றுவிட்டுத்தானே புலம்புகிறார்!

முதன்முதலாக சோபா வேலை தந்தது அடுத்த தெரு அக்கா. அவர் மகளைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை குரங்கணியிலிருந்து வருவதாக இருந்தது. அவளுக்கும் பையனுக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பயமெல்லாம் பையனின் அம்மாவை நினைத்துத்தான். ஏலத்தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு போனவர். முன்பு பெண் பார்க்கப் போன வேறொரு வீட்டில் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்தார்களாம். காபி வருவதற்குள் வலி தாங்காமல், "போதும், கெளம்புவோம்" என்று எழுந்துவிட்டாராம்.

"நல்லாத் திம்முனு செஞ்சு குடு தங்கச்சி. அந்தம்மா எந்திரிச்சிரக் கூடாது" என்றார் அக்கா.

அக்கா வீட்டுப் பழைய சோபாவின் துணியை ரோட்டிலேயே உரித்துவிட்டு, வெறும் சட்டத்தைத்தான் உள்ளே கொண்டுவந்தோம். நான் சும்மா இருப்பேனா? அடியில் ஃபோம், அதன்மேல் இலவம்பஞ்சு, முதுகுக்குப் பஞ்சு, கைப்பிடிக்கும் பஞ்சு. ஜீப்பு சீட்டுக்குத் திணித்துப் பழகிய கை, கணக்குப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பச்சை வெல்வெட்டை இழுத்து அடித்து முடித்ததும் எனக்கே அதில் படுத்துத் தூங்கலாம்போல இருந்தது.

தூக்கினோம். வாசலில் முட்டியது. சாய்த்தோம், முட்டியது. நட்டமாக நிறுத்தினோம், அப்போதும் முட்டியது.

"அளவு பாக்காமயா தச்ச?" என்றார் வீட்டுக்காரர்.

"சட்டம் வந்துச்சுல்ல, சோபாவும் போகும்னு நெனச்சேன்!"

"கைப்பிடியப் பிரிச்சிரு."

"பிரிப்பீக, பிரிப்பீக! எஞ் சோபாவுல கத்திய வச்சுப் பாருங்க!"

"அப்ப நெலையப் பேக்குறேன்" என்று கடப்பாரையை எடுத்தார். சோபாவைத் தேடி வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்த நிலைவாசலைக் கட்டிக்கொண்டார். "வெள்ளிக்கெழமையதுவுமா, பொண்ணு பாக்க வர்ற நேரத்துல நெலையப் பேக்குறதா? எம் மக வாழ்க்கை வெளங்குமா?" என்று அழுதே விட்டார். எனக்கும் கோபமெல்லாம் போய்விட்டது.

குரங்கணியிலிருந்து ஜீப்பு கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. பட்டுச்சேலையோடு ஓடிவந்த மகள் சோபாவைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"சோபா வராட்டி என்னம்மா, நாம இங்க வந்துருவோம். வெரசா வா!"

அடேயப்பா, அப்புறம் நடந்த கூத்து! சோபாவை மறுபடி சுவரோரம் இழுத்துப் போட்டு, தையல் மெஷினை மூலையில் தள்ளிப் போர்வை போட்டோம். பெருக்கப் பெருக்கப் பஞ்சு பறந்தது. பூவும் பழமும் பலகாரமும் தெரு மாறி வந்தன. வீட்டுக்காரர் மீசையெல்லாம் பஞ்சோடு போய் அவர்களை எதிர்கொண்டு அழைத்துவந்தார்.

பையனின் அம்மா இடுப்பைப் பிடித்தபடி ஜீப்பிலிருந்து இறங்கினார். முகம் கடுகடுவென்றிருந்தது. மெல்லச் சோபாவில் உட்கார்ந்தார். அடுக்களை வாசலில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாய்ந்தார். இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

"அப்பாடா" என்றார்.

அக்காவுக்கு மறைக்கத் தெரியாது. இது தன் வீடில்லை என்று ஆரம்பித்து, இடுப்புவலி, பஞ்சு, கடப்பாரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்தம்மா வலியையும் மறந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

காபித் தட்டோடு மகள் வந்தாள். பெண் பார்க்கும் இடத்தில் பெண் உட்காருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. காபி கொடுத்து, கும்பிட்டு, உள்ளே போய்விட வேண்டும். அவளும் கும்பிட்டுத் திரும்பினாள்.

அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போற ஆத்தா? எனக்காகச் செஞ்சதாமே, நல்லாருக்கு. வா, இப்பிடி எம் பக்கத்துல உக்காரு. இனி நம்ம வீட்டுல நாம ரெண்டு பேருந்தான உக்காந்து பேசணும்."