வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து

விஜயலெட்சுமியின் கணவன் சிவஞானம் இறந்து பத்து மாதம் கழித்து, அவள் குடியிருந்த பூனாகலைத் தோட்டத்து லயத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஊனமுற்றவருக்கான அவனுடைய உதவிப்பணம் இறந்த பிறகும் எட்டு மாதம் வங்கிக்குப் போயிருக்கிறது, அந்த நாற்பதாயிரம் ரூபாயையும் பதினான்கு நாளில் கட்ட வேண்டும் என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்தவர் அதை அவளுக்கு வாசித்துச் சொன்னார். மரணச் சான்றிதழை அவளே உதவிப்பண அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். பிறகு வந்ததை விதவைக்குத் தருகிற உதவி என்று நினைத்துச் செலவழித்துவிட்டாள்.

பண்டாரவளை பஸ் நிலையத்தருகே கூலிக்குப் படிவம் நிரப்பும் சதீஸ்குமாரிடம் கடிதத்தைக் காட்டினாள். அவன், "ஐயாயிரம் தாங்க அக்கா, உள்ளுக்குப் பேசி இல்லாமப் பண்ணிடுறேன்" என்றான்.

"யாருகிட்ட பேசுவீங்க?"

அவன் கையை நீட்டிக் காசைத்தான் கேட்டான். அவள் எழுந்து நேரே அந்த அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே மயூரி என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் முதலில் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னாள். விஜயலெட்சுமிக்கு அதுவே சரியாகப் படவில்லை. எந்த அரசாங்கக் கந்தோரிலும் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

மயூரி கோப்பைப் புரட்டினாள். "அவர் செத்து ரெண்டாம் மாசமே சான்றிதழ் வந்திருக்கு, முத்திரையும் கிடக்கு. அதுக்குப் பிறகு காசு போனது எங்கட பிழை அம்மா. அந்த ஆறு மாசத்தையும் நீக்கச் சொல்லி எழுதுவம். முதல் ரெண்டு மாசத்துப் பத்தாயிரம் நீங்கள் கட்டத்தான் வேணும். மாசம் எவ்வளவு ஏலும்?"

"சொன்ன பெறகு கூட்ட மாட்டீங்களே?"

"மாட்டன்."

"ஐநூறு."

மயூரி பேரம் பேசாமல் எழுதினாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் உள்ளே வேறு ஏதோ இருக்கும் என்று விஜயலெட்சுமிக்குத் தோன்றியது. பேனாவை நீட்டியபோது கையை இழுத்துக்கொண்டாள்.

"தமிழ்ல எழுதிக் குடுங்க. வெளிய காட்டி வாசிச்சிட்டு வந்துதான் வைப்பேன்."

"காட்டிக்கொண்டு வாங்கோ. நாலு மணி மட்டும் இருப்பன்."

அவளுக்குத் தெரிந்த துணிக்கடை உம்மு குல்தூம் அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். மயூரி சொன்னதுதான் இருந்தது, ஒரு சொல் கூடவில்லை. நாலுக்குக் கால்மணி இருக்கையில் விஜயலெட்சுமி கையெழுத்து வைத்தாள்.

மூன்று மாதத்தில் ஆறு மாதக் காசும் நீக்கப்பட்டதாகப் பதில் வந்தது. அதைச் சொல்லப் போனபோது மயூரியின் மேசையில் வேறொருவர் இருந்தார். மயூரி மொனராகலைக்கு மாற்றலாகிவிட்டாளாம்.

"எனக்கு எழுதிக் குடுத்ததுக்காகவாங்க மாத்துனாங்க?"

"இல்லை, வழமையான இடமாற்றம்தான்."

அந்த மாத ஐநூறைக் கட்டிவிட்டு வெளியே வந்தாள். அவர் சொன்னதை அவள் நம்பவில்லை.