மூன்று வெள்ளி உபவாசமும் பஸ் நிறுத்தத்து அமுதாவும்

சபையாருக்கு என் அன்பு. போன மாதம் இதே இடத்தில் நின்று, கர்த்தர் என்னைச் சாவிலிருந்து தூக்கினார் என்று சாட்சி சொன்னேன். கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அதில் பாதியை மறைத்துவிட்டேன். அன்றிலிருந்து ஜெபிக்க வாய் வரவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் கம்பெனி வேலை, பக்கத்தில் பென்னலூரில் வாடகை வீடு. சாயங்காலம் கம்பெனி பஸ் எங்களை இறக்கிவிடும் இடத்தில் ஒரு பெண் நிற்பாள். லாரிக்காரர்களிடம் பேசுவாள், ஏறிப் போவாள். சீருடையில் இறங்கும் எங்களையும் சிலர் அதே கண்ணோடு பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

இந்த 2012 மழைக்காலத் தொடக்கத்தில், "ஆண்டவரே, அவளை அந்த இடத்தைவிட்டு அகற்றும்" என்று சீட்டு எழுதி நம் விண்ணப்பப் பெட்டியில் போட்டேன். மூன்று வெள்ளி உபவாசம் என்று பொருத்தனையும் செய்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி. வியாதிக்கு மாத்திரை, விசுவாசத்துக்குப் பட்டினி என்று இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

மூன்றாம் வெள்ளி பஸ்ஸை விட்டு இறங்கியதும் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, விழுந்துவிட்டேன். கூட வந்தவர்கள் சாலையைக் கடந்து போயிருந்தார்கள். என் தலையை மடியில் எடுத்து வைத்தவள் அவள்தான்.

"இன்னாக்கா, சுகர் கீதா உனுக்கு? காலைல இன்னா துன்ன?"

"உபவாசம்" என்றேன்.

"நல்லா இருந்த போ. எங்கம்மாவுக்கும் இப்டித்தான் சுகர் எறங்கும்."

டீக்கடையில் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கவைத்தாள். ஷேர் ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வரை கையை விடவில்லை.

"மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடலன்னா விழத்தான் செய்வீங்க. கூட்டிவந்தவங்களுக்கு நன்றி சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அவர் சொன்னது சரி. நான் விழுந்தது என் முட்டாள்தனத்தால். ஆனால் படுக்கையில் கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று சாயங்காலம் அவள் அந்த இடத்தில் இல்லை. நான் கேட்டபடியே ஆண்டவர் அகற்றியிருந்தார், என் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார். அதை வெறும் தற்செயல் என்று நினைக்க என் மனம் ஒப்பவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, சாட்சியில் "ஒரு சகோதரி உதவினார்" என்று சொல்லி நழுவினேன். சாட்சி சொன்ன மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள், "இப்ப எப்டி கீதுக்கா?" என்று கேட்டாள். பக்கத்தில் நம் ஜெபக்குழுப் பெண்கள் இருந்தார்கள். கேட்காததுபோல் நடந்தேன். அவள் தானாகவே தள்ளிப்போய் நின்றுகொண்டாள். வெட்கமாக இருக்கிறது.

நேற்று போய் மன்னிப்புக் கேட்டேன். உன் பேரைச் சபையில் சொல்லட்டுமா என்றேன்.

"அமுதான்னு சொல்லிக்கோ. ஆனா நான் திருந்திட்டேன்னு மட்டும் சொல்லாத, பொய்யாப்பூடும்."

அதனால் சொல்லவில்லை. இன்றும் அங்கேதான் நிற்கிறாள். அந்தத் தொழிலை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. அவளைத் தீர்ப்பிடவும் இனி முடியாது.

பெட்டியில் புதுச் சீட்டு ஒன்று போட்டிருக்கிறேன். அமுதாவின் பெயரும் அவள் அம்மாவின் சுகமும் மட்டும் அதில் இருக்கிறது. என்னோடு சேர்ந்து ஜெபியுங்கள். நம்பிக் கேளுங்கள், அவர் கேட்கிறார். யாரை அகற்றச் சொல்கிறோம் என்பதை மட்டும் ஒருமுறை யோசித்துவிட்டுக் கேளுங்கள்.