அக்காவுக்குக் கொண்டுபோன தண்ணீர்

அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் கண்டித் தண்ணீர் கொண்டுபோவேன். என் வாடகை வீட்டுக் குழாயில் பிடித்தது, இரண்டு பெரிய கேன்களில். "ஊருக்கே குளிக்க வார்க்கப் போறீங்களா தம்பி? இதுக்கும் டிக்கட் போடவா?" என்பார் பஸ் கொண்டக்டர்.

அக்கா கல்யாணமாகிப் போனது வவுனியாப் பக்கம். அங்கே கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் அதிகம். மூத்த மகளின் பற்களில் பழுப்புக் கறை விழுந்தது அதனால்தான் என்று அக்காவுக்குச் சொன்னவன் நான். கலஹா தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்தான். அக்கா போகவே இல்லை. நான் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

அதனால்தான் சின்னவளை என்னிடம் அனுப்பச் சம்மதித்தாள். தை மாதம் கண்டியில் முதலாம் வகுப்பில் சேர்ப்பது, நல்ல தண்ணீர் குடித்து என்னோடு வளரட்டும் என்பது ஏற்பாடு. முன்னறையைக் காலிசெய்து, ஒரு குட்டி மேசையும் கதிரையும் வாங்கிப் போட்டேன். மாலையில் நான் படிப்பிக்கும் பாடசாலை விட்டு வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம், "மாமா" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்பதாக நினைத்துக்கொள்வேன்.

அந்த நேரத்தில்தான் நகரத் தண்ணீரில் புளோரைட் சேர்க்கலாமா என்ற பேச்சுக் கிளம்பியது. எங்கள் பகுதி மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். வேண்டும் என்றார் ஒரு பல் வைத்தியர். மக்களைக் கேட்காமல் மருந்து கொடுப்பதா என்று சிலர் எழுந்து நின்றார்கள். பக்கத்துப் பலசரக்குக் கடை முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், என் காதருகே, "எனக்குப் பல்லே இல்ல தம்பி. நானும் குடிக்கணுமா?" என்றார்.

விஞ்ஞான ஆசிரியர் என்பதால் என்னையும் பேசச் சொன்னார்கள். தெரிந்ததைச் சொன்னேன். கூடினால் பல்லைக் கெடுக்கும், என் அக்கா ஊரில் அதைப் பார்த்திருக்கிறேன். இங்குள்ள தண்ணீரில் அது மிகக் குறைவு, அளவோடு சேர்த்தால் பயப்பட வேண்டியதில்லை. யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள். கடைசி வரி மட்டும் தனியாக வெட்டியெடுக்கப்பட்டு ஊரெல்லாம் சுற்றி, அக்காவின் போனுக்கும் போய்விட்டது. அவள் உடனே எனக்குப் போன் எடுத்தாள்.

"ஏன்டா தம்பி, நீயே போடச் சொன்னியாமே."

"இன்னும் போடலக்கா. பேச்சுத்தான். போட்டாலும் அளந்துதான் போடுவாங்க."

"மூத்தவ பல்லப் பார்த்துட்டுமா இப்படிச் சொல்ற?"

"அது அளவு கூடினதால வந்தது. உங்க கிணத்துல யாரும் அளக்கலயே."

"கிணத்துல உள்ளது கடவுள் போட்டது. அது எங்க தலையெழுத்து. நீங்க போடுறது அப்படியா?"

ஒரு வகுப்பு முழுவதற்கும் புரியவைக்க என்னால் முடியும். அவளிடம் அது எடுபடவில்லை. "இனிமே தண்ணியும் சுமந்துட்டு வராத" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். என் தோள் வலிக்குமே என்பதுபோல அல்லவா சொன்னாள்.

தை வந்தது. சின்னவளை அங்கேயே சேர்த்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டையோடு அவள் நிற்கும் படத்தை அக்கா அனுப்பியிருந்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளுக்குப் போன் எடுத்தேன். முதல் பல் ஆடத் தொடங்கிவிட்டதாம். ஆட்டி ஆட்டி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறாளாம்.

"நீ ஒண்ணும் யோசிக்காத. சின்னவளுக்கு நல்லாச் சுண்டக் கொதிக்க வச்சுத்தான் தண்ணி குடுக்கிறேன்."

கொதித்தால் கிருமிதான் சாகும். புளோரைட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"கூட்டத்துல பேசின மாதிரியே பேசுற" என்றாள்.

பின்னால் சின்னவளின் சிரிப்பு கேட்டது. அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வெளியே விளையாட ஓடிவிட்டாளாம்.

"அங்க மழையா?" என்று கேட்டாள் அக்கா.

"மழைதான்" என்றேன்.